மருத்துவப் பணியாளர் குறைந்தபட்ச ஊதியம்: கீழ்ப்படியை மட்டும் உயர்த்தினால் போதுமா?

நீலமலை | பிப்ரவரி 9, 2026

வணக்கம். வட கலிபோர்னியாவில் ஒரு சிறிய கவுன்டியின் மனிதவளப் பிரிவில் ஊதிய அட்டவணைகளைக் கவனிப்பது என் வேலை. சென்ற வாரம், பொதுச் சுகாதாரத் துறையின் முன்மேசையில் பணிபுரியும் ஒரு பெண் இரண்டு தாள்களைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். ஒன்று, ஓராண்டு நிறைவு செய்ததற்காக அவருக்கு இன்கிரிமென்ட் வழங்கப்பட்டதாகச் சொல்லும் கடிதம். மற்றொன்று, அதற்குப் பின் வந்த சம்பளச் சீட்டு. கடிதத்துக்கு முன்னும் மணிக்கு 18.63 டாலர், பின்னும் அதே 18.63. சென்ற மாதம் வேலைக்குச் சேர்ந்து, இவரிடமே வேலை கற்றுக்கொண்டிருப்பவருக்கும் 18.63தான். "நான் என்ன தவறு செய்தேன்?" என்று கேட்டார். அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. தவறு எங்கள் அட்டவணையில் இருக்கிறது.

மருத்துவப் பணியாளர்களுக்குத் தனிக் குறைந்தபட்ச ஊதியம் வகுத்த எஸ்பி 525 என்ற மாநிலச் சட்டத்தில் ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட்டது 2023 அக்டோபர் 13. செனட்டர் மரியா எலேனா டுராசோ கொண்டுவந்த மசோதா அது. 2024 ஜூன் 1 அன்று தொடங்க வேண்டியது, மாநில வரவுசெலவுப் பற்றாக்குறையால் ஜூலைக்குத் தள்ளி, பிறகு மீண்டும் தள்ளி, கடைசியில் அக்டோபர் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. எங்களைப் போன்ற கவுன்டிகளுக்கு 2025 ஜனவரி 1. இரண்டரை லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை என்பதால் எங்கள் தொடக்கம் 18 டாலர். ஒவ்வொரு ஜூலையிலும் 3.5 விழுக்காடு ஏறும். 2033 ஜூலையில் 25 டாலரைத் தொடும்.

எங்களிடம் "அலுவலக உதவியாளர் 1" என்ற பதவிக்கு ஏணிபோல ஐந்து ஊதியப் படிகள். படிக்குப் படி ஐந்து விழுக்காடு: 17.20, 18.06, 18.96, 19.91, 20.91. சட்டம் வந்தபோது சுகாதாரத் துறையில் இருப்பவர்களுக்கு முதல் படியை மட்டும் 18 ஆக்கினோம். சென்ற ஜூலையில் 18.63 வந்ததும் முதலிரண்டு படிகளும் ஒன்றாகிவிட்டன. வரும் ஜூலையில் 19.28. அப்போது மூன்றாம் படியும் மூழ்கும். 2027 ஜூலையில் நான்காவது. வெள்ளத்தில் குளத்துப் படித்துறை ஒவ்வொரு படியாக மறைவதைப் பார்ப்பதுபோல இருக்கிறது.

பதவி உயர்வின் கதை இன்னும் மோசம். "அலுவலக உதவியாளர் 2" என்பது பத்து விழுக்காடு மேலே, 18.92இல் தொடங்குகிறது. வரும் ஜூலையில் அதன் முதல் படியும் 19.28க்குக் கீழே போய்விடும். தேர்வெழுதி மேலே போகிறவரும் புதிதாக வருகிறவரும் ஒரே தொகை வாங்குவார்கள்.

சட்டப்படி நாங்கள் செய்தது சரி. ஒருவருக்கும் குறைந்தபட்சத்துக்குக் கீழே கொடுக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்த பிறகு "சரி" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அட்டவணை முழுவதையும் மேலே நகர்த்த வேண்டும் என்று குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். மற்ற கவுன்டிகளில் இருப்பவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

---

பொள்ளாச்சிக்காரன் | பிப்ரவரி 9, 2026

அக்கா, நான் இந்தியாவில் இருந்து படிக்கிறேன். ஒரு சந்தேகம். கலிபோர்னியாவில் மருத்துவ ஊழியர்களுக்கு மணிக்கு 25 டாலர் என்றுதானே செய்தியில் வந்தது? 18 எப்படி வந்தது?

---

நீலமலை | பிப்ரவரி 9, 2026

தம்பி, 25 என்பது எல்லோரும் போய்ச் சேர வேண்டிய இடம். யார் எப்போது சேர்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. பத்தாயிரமும் அதற்கு மேலும் முழுநேர ஊழியர்கள் உள்ள பெரிய மருத்துவ நிறுவனங்களும், ஐம்பது லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள கவுன்டிகளும் 23இல் தொடங்கி, இப்போது 24இல் நின்று, இந்த ஜூலையில் 25ஐத் தொடுகின்றன. அந்த அளவு மக்கள்தொகை உள்ள கவுன்டி லாஸ் ஏஞ்சலஸ் ஒன்றுதான். நடுத்தரக் கவுன்டிகளின் மருத்துவமனைகளுக்கு இப்போது 21, இந்த ஜூலையில் 23, 2028 ஜூலையில் 25. சமூக மருத்துவ மையங்களுக்குத் தனிக் கணக்கு: 21, 22, பிறகு 2027இல் 25. எங்களைப் போன்ற சிறிய கவுன்டிகளுக்கும், அரசுக் காப்பீட்டு நோயாளிகளையே பெரிதும் நம்பியிருக்கும் மருத்துவமனைகளுக்கும் 18இல் தொடங்கும் நீண்ட பாதை.

கவுன்டி என்பதை மாவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நம் ஊர் மாவட்டத்தைப் போல மாநில அரசின் கிளை அலுவலகம் மட்டும் இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட மேற்பார்வையாளர் குழு, தனி வரவுசெலவு, தனி ஊழியர்கள், தனி ஊதிய அட்டவணை எல்லாம் உண்டு. எங்கள் குழுவில் ஐந்து பேர். அவர்கள் தீர்மானம் போடாமல் ஒரு சென்ட்டைக்கூட நான் அட்டவணையில் மாற்ற முடியாது.

---

கணக்குமேசை | பிப்ரவரி 10, 2026

நடுத்தரக் கவுன்டி ஒன்றின் நிதிப்பிரிவில் இருக்கிறேன். நீலமலை சொல்லும் முரண்பாடு உண்மை, எங்களிடமும் உண்டு. ஆனால் "அட்டவணை முழுவதையும் நகர்த்துவோம்" என்பது எழுத எளிது.

மணி ஊதியத்தில் ஒரு டாலர் கூட்டினால் முழுநேர ஊழியருக்கு ஆண்டுக்கு 2,080 டாலர் என்பதோடு கணக்கு முடிவதில்லை. சமூகப் பாதுகாப்பு 6.2, முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் 1.45 விழுக்காடு முதலாளி பங்கு. அதன் மேல் ஓய்வூதியப் பங்களிப்பு, விபத்துக் காப்பீடு. அடிப்படைச் சம்பளம் ஏறினால் இவையெல்லாம் கூடவே ஏறும். வருமானப் பக்கத்தில் என்ன இருக்கிறது? 1978இல் மக்கள் வாக்கெடுப்பில் ஏற்கப்பட்ட 13ஆம் முன்மொழிவு சொத்து வரியை ஒரு விழுக்காட்டில் கட்டிப்போட்டது. மதிப்பீடும் ஆண்டுக்கு இரண்டு விழுக்காட்டுக்கு மேல் ஏறக்கூடாது. குறைந்தபட்ச ஊதியம் 3.5 விழுக்காடு ஏறுகிறது. இந்த இடைவெளியை யார் நிரப்புவது?

சுகாதாரத் துறைக்கு, குறைந்த வருமானத்தினருக்கான அரசுக் காப்பீடான மெடி-கால் தொகையும், 1991லும் 2011லும் மாநிலம் பொறுப்புகளைக் கைமாற்றியபோது கூடவே ஒதுக்கிய விற்பனை வரிப் பங்கும் வருகின்றன. அதுவும் இனி எப்படி என்று தெரியாது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான மத்தியச் சட்டம், மெடி-காலுக்கு மத்திய அரசு தரும் மெடிக்கெய்டு நிதியைக் குறைக்கிறது. 2027 தொடக்கத்தில், வேலை செய்தால்தான் காப்பீடு என்ற நிபந்தனைகள் வந்தால் காப்பீடு இழப்பவர்கள் நேராக எங்கள் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குத்தான் வருவார்கள். வரவு சுருங்கும், கூட்டம் பெருகும். இந்த நிலையில் சட்டம் கேட்காத ஒரு டாலரைக்கூடக் கொடுக்கச் சொல்ல என்னால் முடியவில்லை. இதை வருத்தத்துடன்தான் எழுதுகிறேன்.

---

அந்திவானம் | பிப்ரவரி 10, 2026

கணக்குமேசை ஐயா, நான் மத்தியப் பள்ளத்தாக்கில் ஒரு கவுன்டி மருத்துவ மையத்தில் உதவியாளராக இருக்கிறேன். நோயாளியை அழைப்பது, எடை பார்ப்பது, இரத்த அழுத்தம் எடுப்பது, ஸ்பானிஷ் மட்டும் தெரிந்த பாட்டிக்கு மருத்துவர் சொன்னதை மொழிபெயர்ப்பது, அடுத்த நாள் வரச்சொல்லித் தொலைபேசியில் நினைவூட்டுவது, எல்லாம் நான்தான். இந்தச் சட்டத்துக்கு முன் மணிக்கு 18.40 வாங்கினேன். வீட்டுக்கு அருகில் இருக்கும் துரித உணவுக் கடையில் 2024 ஏப்ரலில் 20 டாலர் ஆனது. என்னுடன் பயிற்சி முடித்த இருவர் அங்கே போய்விட்டார்கள். அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன்.

21 வந்த மாதம் என் மகனின் பல் சிகிச்சைக்கு வாங்கிய கடனின் ஒரு தவணையை முதன்முறையாகத் தாமதம் இல்லாமல் கட்டினேன். இதை அட்டவணையில் எந்தக் கட்டத்திலும் எழுத முடியாது. ஆனாலும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நீலமலை அக்கா சொல்வதும் என் மையத்தில் நடக்கிறது. பதினோரு ஆண்டுகள் பணிசெய்த மூத்தவருக்கு 22.10. புதிதாக வந்தவருக்கு 21. ஜூலையில் 23 ஆகும்போது இருவரும் ஒன்று. அவர் கோபப்படவில்லை. புதியவர்களுக்கு ஊசி மருந்துக் கணக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதை மட்டும் நிறுத்திவிட்டார். கேட்டால் "அது என் வேலை விவரத்தில் இல்லை" என்கிறார். நோயாளிகள் வரிசையில் அரை மணி நேரம் கூடுதலாக நிற்கிறார்கள்.

---

கணக்குமேசை | பிப்ரவரி 10, 2026

அந்திவானம் அம்மா, கடைசிப் பத்தியை இரண்டு முறை படித்தேன். அந்த அரை மணி நேரத்துக்கு எங்கள் தாள்களில் எந்தக் கணக்குத் தலைப்பும் இல்லை என்பது உண்மை.

---

ஏட்டுச்சுவடி | பிப்ரவரி 11, 2026

நான் இந்த உரையாடலுக்கு வெளியே நிற்பவள், அதனால்தான் எழுதுகிறேன். சிறிய கவுன்டி ஒன்றின் பொது நூலகத்தில் வேலை. பதவியின் பெயர் நீலமலை சொன்ன அதே அலுவலக உதவியாளர் 1. தேர்வும் ஒன்று, தகுதியும் ஒன்று, வேலை விவரமும் சொல்லுக்குச் சொல் ஒன்று. சாலையின் எதிர்ப்புறத்தில் இருக்கும் பொதுச் சுகாதார அலுவலகத்தில் உள்ளவருக்கு 18.63. எனக்கு 17.20. ஏனென்றால் நான் கொடுப்பது மருத்துவச் சேவை இல்லை. மாநிலக் குறைந்தபட்சம் 16.90, ஆகவே சட்டப்படி எனக்கு எந்தக் குறையும் இல்லை.

எங்கள் நூலகத்தில் இருந்து ஆறு மாதத்தில் மூவர் சுகாதாரத் துறைக்கு இடமாற்றம் கேட்டுப் போய்விட்டார்கள். சனிக்கிழமைகளில் குழந்தைகளுக்குக் கதை சொல்லும் நேரத்தை நிறுத்திவிட்டோம். ஆள் இல்லை.

மருத்துவ ஊழியருக்குக் கிடைத்ததை நான் பொறாமையோடு பார்க்கவில்லை. அவர்கள் கொரோனா காலத்தில் பட்ட பாட்டை நேரில் கண்டவள் நான். ஆனால் அட்டவணையை நகர்த்துவது பற்றிப் பேசும்போது எங்கள் பெயரையும் ஒருமுறை சொல்லுங்கள்.

---

நீலமலை | பிப்ரவரி 11, 2026

ஏட்டுச்சுவடி, உங்கள் பதிவைப் படித்த பிறகு என் குறிப்பைத் திறந்து பார்த்தேன். சுகாதாரத் துறைப் பதவிகளை மட்டும் எடுத்து, பெயருக்குப் பின்னால் "சுகாதாரம்" என்று ஒட்டுப்போட்டுத் தனிக் குறியீடு கொடுத்து நகர்த்துவதாக எழுதியிருந்தேன். எளிதாகத் தோன்றிய வழி அது. பல இடங்களில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

இப்போது அதை மாற்றுகிறேன். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இன்று உங்களுக்கும் எதிர்ப்புற அலுவலருக்கும் இடைவெளி 1.43 டாலர்; முழுநேரத்துக்கு ஆண்டில் 2,974 டாலர். ஜூலையில் அது 2.08 ஆகும், ஆண்டுக்கு 4,326. ஒரே தேர்வை எழுதி ஒரே பட்டியலில் இடம்பிடித்த இருவருக்கு இடையில் இவ்வளவு தொகை. தமிழ்நாட்டு அரசு ஊழியர்கள் "ஊதிய முரண்பாடு" என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். இங்கே எங்கள் அலுவலகத்தில் "சுருக்கம்" என்ற பொருளில் ஒரு சொல்லைப் பயன்படுத்துகிறோம். துணி சுருங்குவதுபோல ஏதோ தானாக நடந்துவிட்ட தொனி அதில் இருக்கிறது. முரண்பாடு என்பதே சரியான சொல். அதில் யாரோ பதில் சொல்ல வேண்டும் என்ற தொனி இருக்கிறது.

இந்தப் பதவி வகுப்பு முழுவதையும் ஒரேயடியாக ஜூலை 2026க்கு உரிய 19.28க்கு நகர்த்தினால் படிகள் 19.28, 20.24, 21.26, 22.32, 23.43. எங்களிடம் இந்த வகுப்பில் அறுபது பேர். சுகாதாரத்தில் 38, நூலகம், சாலை, மதிப்பீட்டு அலுவலகம் எல்லாம் சேர்த்து 22. இந்த 22 பேருக்காகப் பொது நிதியில் இருந்து கூடுதலாகத் தேவைப்படுவது சம்பளமாக மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சத்து ஐந்தாயிரம் டாலர். சிறிய தொகை இல்லை. ஆனால் ஒருவர் விலகிப்போனால் விளம்பரம், தேர்வு, பின்னணிச் சோதனை, பயிற்சி என்று மாதக்கணக்கில் இடம் காலியாகக் கிடப்பதையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். ஏட்டுச்சுவடியின் மூன்று காலி இடங்களை யாரும் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை. கதவு மூடிய நூலகம் சேமிப்பாகவே காட்டப்படுகிறது.

---

ஒன்றுகூடல் | பிப்ரவரி 12, 2026

தொழிற்சங்கப் பிரதிநிதி என்ற முறையில் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நீலமலை தோழர், குறிப்பை நேராக மேற்பார்வையாளர் குழுவுக்கு அனுப்பிவிடாதீர்கள். 1968இல் வந்த மையர்ஸ்-மிலியாஸ்-பிரவுன் சட்டப்படி ஊதியம் தொடர்பான எந்த மாற்றத்துக்கும் சங்கத்துடன் நல்லெண்ணத்தோடு அமர்ந்து பேச வேண்டும். சட்டம் சொல்லும் 19.28 என்ற அடித்தளத்தைப் பற்றிப் பேரம் இல்லை. அதை யாரும் விட்டுக்கொடுக்கவும் முடியாது. ஆனால் அதற்கு மேலே உள்ள படிகள், பதவிகளுக்கு இடையே உள்ள இடைவெளி, தனிக் குறியீடு உண்டாக்குவது எல்லாம் பேச்சுவார்த்தைக்கு உரியவை. தனிக் குறியீட்டால் ஆட்குறைப்புக் காலத்தில் பணிமூப்புப் பட்டியலே இரண்டாக உடையும். அந்த ஆபத்தைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. இன்று ஒரு டாலர் கூடுதலாகக் கிடைக்கிறது என்று மகிழ்ந்தவர், நாளை ஆட்குறைப்பு வரும்போது தன் பத்தாண்டுப் பணிமூப்பு சிறிய பட்டியலுக்குள் மாட்டிக்கொண்டதைக் காண்பார்.

இன்னொன்று. துப்புரவுப் பணியாளர்களை மறந்துவிட்டீர்கள். மருத்துவமனைத் துப்புரவு, சலவை, சமையல், காவல், நேரம் ஒதுக்கும் எழுத்தர், கட்டணப் பட்டியல் எழுதுபவர் எல்லோரையும் இந்தச் சட்டம் மருத்துவச் சேவைக்குள் சேர்க்கிறது, அவர்கள் வேலை நோயாளி பராமரிப்புக்கு நேராகவோ மறைமுகமாகவோ துணைநிற்கும்போது. அதே சட்டம், அரசுத் துறையில் முதன்மைக் கடமை மருத்துவச் சேவை இல்லாத வேலையை விலக்குகிறது. காலையில் நீதிமன்றத்தையும் பிற்பகலில் நூலகத்தையும் மாலையில் மருத்துவ மையத்தையும் துடைப்பவர் எந்தப் பக்கம்?

---

நீலமலை | பிப்ரவரி 12, 2026

அந்தக் கேள்விதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. எங்களிடம் அப்படி நால்வர் இருக்கிறார்கள். கவுன்டி வழக்கறிஞரிடம் எழுதிக் கேட்டிருக்கிறேன். அவர்களின் நேரப் பதிவை ஒரு மாதத்துக்கு இடவாரியாக எடுக்கச் சொல்லியிருக்கிறேன். சிறைச்சாலையிலும் இதே சிக்கல். மருத்துவச் சேவை தரும் கவுன்டிச் சிறையும் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. அங்கே உள்ள செவிலியர் உதவியாளர் உள்ளே, காவலர் வெளியே, இரண்டு இடத்துக்கும் உணவு சமைப்பவர் நடுவில் நிற்கிறார்.

சங்கத்துடன் பேசுவது பற்றிச் சொன்னதற்கு நன்றி. இருபதாம் தேதி முதல் அமர்வு கேட்டிருக்கிறோம்.

---

கணக்குமேசை | பிப்ரவரி 13, 2026

இரண்டு நாள் யோசித்தேன். முழு உடன்பாடு இன்னும் வரவில்லை. ஆனாலும் செய்வதானால் ஒழுங்காகச் செய்ய சில குறிப்புகள்.

ஓய்வூதியம் மாநிலப் பொது ஊழியர் ஓய்வூதிய அமைப்பான கால்பெர்ஸ் மூலம் என்றால், ஊதியம் குழுவால் முறையாக ஏற்கப்பட்ட, பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட அட்டவணையில் இருந்தே ஆக வேண்டும். பதவிப் பெயர், தொகை, நடைமுறைத் தேதி எல்லாம் அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும். "சட்டப்படியான குறைந்தபட்சம் எதுவோ அது" என்று வேறோர் ஆவணத்தைச் சுட்டி எழுதினால் ஏற்க மாட்டார்கள். ஓர் இடத்தில் சம்பளத்தை மட்டும் உயர்த்திவிட்டு அட்டவணையைத் திருத்த மறந்தார்கள். ஓய்வு பெறும் நேரத்தில் அந்த ஊழியரின் கணக்கில் சிக்கல் வந்தது. பாவம், அவருக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

ஊழியர்களில் மாதச் சம்பளம் வாங்கும் பணி மேற்பார்வையாளர்களையும் பாருங்கள். மிகைநேர ஊதியம் இல்லாத பதவி என்றால், மருத்துவக் குறைந்தபட்சத்தின் ஒன்றரை மடங்கு அல்லது மாநிலக் குறைந்தபட்சத்தின் இரண்டு மடங்கு, எது அதிகமோ அதைக் கொடுக்க வேண்டும். உங்கள் 19.28க்கு மாநிலக் கணக்கே பெரியது. ஆண்டுக்கு 70,304 டாலர். எங்களுக்கு ஜூலையில் 23 ஆகும்போது ஒன்றரை மடங்கு முந்திவிடும்: 71,760. இந்த வரம்புக்குக் கீழே ஒன்பது மேற்பார்வையாளர்கள் எங்களிடம் இருப்பதை நேற்றுத்தான் கண்டேன். இந்த இழையைப் படிக்காமல் இருந்திருந்தால் ஜூலையில் மிகைநேரக் கோரிக்கை வந்தபிறகு கண்டுபிடித்திருப்பேன்.

கடைசியாக, ஒரே ஆண்டில் 12 விழுக்காடு என்று கொண்டுபோனால் உங்கள் குழு மறுக்கும். சுகாதாரப் பதவிகளை ஜூலையில் நகர்த்துங்கள். மற்றவர்களை அடுத்த ஜனவரியில் பாதி, 2027 ஜூலையில் மீதி என்று எழுதுங்கள். அந்தத் தேதிகளைத் தீர்மானத்திலேயே எழுதுங்கள். வாய்மொழியாக விட்டால் அடுத்த வரவுசெலவுக் கூட்டத்தில் காணாமல் போகும்.

---

ஏட்டுச்சுவடி | பிப்ரவரி 13, 2026

ஐயா, தேதியை எழுதச் சொன்னீர்களே, அதற்கு நன்றி. காத்திருக்க எனக்குத் தெரியும். எதுவரை என்று தெரியாமல் காத்திருப்பதுதான் கடினம்.

---

நீலமலை | மார்ச் 25, 2026

நேற்று இரவு குழு கூடியது. நான்குக்கு ஒன்று என்று நிறைவேறியது. கணக்குமேசை சொன்ன கட்டங்களோடுதான். அலுவலக உதவியாளர் 1, 2 இரண்டும் துறை வேறுபாடின்றி ஒரே குறியீட்டில் தொடரும். சுகாதாரத்தில் உள்ளவர்களுக்கு ஜூலை 1. மற்றவர்களுக்கு 2027இல் இரண்டு தவணை. எதிர்த்து வாக்களித்தவர் மத்திய நிதி வெட்டைப் பற்றிப் பேசினார்; அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. நூலகத்தில் இருந்து எட்டுப் பேர் வந்து பின்வரிசையில் அமர்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் மூன்று நிமிடம் பேசினார்.

2027 ஜூலைக்கு மறுபடியும் 3.5 விழுக்காடு வரும். அப்போதும் படிகள் சேர்ந்து நகர வேண்டும் என்பதைத் தீர்மானத்தில் சேர்க்க முயன்றேன். முடியவில்லை. அடுத்த ஒப்பந்தப் பேச்சில் பார்க்கலாம் என்றார்கள்.

துப்புரவுப் பணியாளர் நால்வரில் மூவருக்கு முதன்மைக் கடமை மருத்துவ மையத்தில்தான் என்று நேரப் பதிவு காட்டியது. அவர்களுக்கு 2025 ஜனவரியில் இருந்து நிலுவைத் தொகை கொடுக்கிறோம். நான்காமவரின் பதிவு சரிபாதியாக வந்திருக்கிறது. வழக்கறிஞரின் பதிலுக்காகக் காத்திருக்கிறோம்.

---

ஒன்றுகூடல் | மார்ச் 25, 2026

நான்காமவரின் மாலை நேரப் பணி அட்டவணையை எனக்கு அனுப்புங்கள் தோழர். சென்ற ஆண்டு மையம் சனிக்கிழமைகளிலும் திறந்திருந்ததா என்பதையும் பாருங்கள். அந்த மணிநேரங்கள் உங்கள் ஒரு மாதப் பதிவில் வந்திருக்காது.